நாஸ்காப் பானைக்கு வைத்த தேசிக்காய்

பலெர்மோவில் நான் பாத்திரம் கழுவியிருக்கிறேன், மீன் பெட்டி சுமந்திருக்கிறேன், படுக்கையில் கிடந்த ஒரு முதியவரைக் குளிப்பாட்டியிருக்கிறேன், தேவாலயக் கூரை ஒன்றில் புறா எச்சம் சுரண்டியிருக்கிறேன். எந்த வேலையிலும் ஒரு வருடம் நிறைந்ததில்லை. சில வேலைகள் என்னை விட்டன, சிலவற்றை நான் விட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு விடுவது பெரிய காரியமில்லை.

இலங்கையில் யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடம் கழிந்த அந்தக் கோடையில் மட்டும் ஒரு வேலையை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. என் பெர்மெஸ்ஸோ முடியப் போகிறது. இந்த நாட்டில் இருக்கலாம் என்று சொல்லும் அந்த அட்டையைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்கு ஒரு வேலை ஒப்பந்தம் கொண்டுபோக வேண்டும். வாய்ப்பேச்சில் கிடைத்த வேலைகளை ஒப்பந்தம் என்று காட்ட முடியாது. ஓரிடத்தில் நிற்பவனுக்குத்தான் கடதாசி தேவை என்று பலர் நினைக்கிறார்கள். அலைந்து திரிபவனுக்கு இன்னும் கூடுதலாகத் தேவை.

என்னோடு அறையில் இருந்த அண்ணைதான் வேலையைக் கண்டுபிடித்தார். அவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், பொலிதேயாமாவில் ஒரு வீட்டில் சமையலும் துப்புரவும் பார்ப்பவர். அந்த வீட்டுக்காரியின் சிநேகிதி ஓர் இத்தாலியப் பெண்மணி, எல்லோருக்கும் சிஞ்ஞோரா. பழைய மண்பாண்டங்களை ஒட்டிச் சரிசெய்வது அவருடைய தொழில். கால்சாப் பகுதியில் திருத்திக் கட்டிய ஒரு பழைய மாளிகையில் பெரு நாட்டுப் பானைகளின் கண்காட்சி ஒன்றை அவர் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். பெட்டி தூக்க, தரை துடைக்க ஓர் ஆள் வேண்டும். மூன்று வாரம் பார்ப்பாராம். ஒரு பிழையும் நடக்காவிட்டால் கண்காட்சி மண்டபத்துக்குக் காவலாளியாக ஒரு வருட ஒப்பந்தம் எழுதித் தருவாராம்.

"தம்பி, மூண்டு கிழமைக்கு வாயையும் கையையும் கட்டிக்கொண்டு நில்லும்," என்றார் அண்ணை.

"கையைக் கட்டினால் பெட்டி தூக்கிறது எப்பிடியண்ணை?"

"இந்த வாயைத்தான் சொன்னனான்."

எங்கள் அறை இருந்த அல்பெர்கேரியாவிலிருந்து கால்சாவுக்கு நடந்தால் இருபது நிமிடம். முதல் நாள் காலை எட்டரைக்கே போய் நின்றேன். சிஞ்ஞோரா அறுபது வயதிருக்கும் சிறிய உருவம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எனக்கு ஒரு சோடி கையுறை தந்து, வெறும் பூச்சாடி ஒன்றை மேசையில் வைத்து, தூக்கச் சொன்னார். தூக்கினேன். பிழை என்றார். ஒரு கை அடியில், ஒரு கை வயிற்றில். பத்துத் தரம் தூக்கிய பிறகுதான் முதல் பெட்டியைத் திறக்க விட்டார்.

அந்தப் பானைகளுக்கு எங்கள் பானைகளைப் போல ஒரே அகன்ற வாய் இல்லை. மேலே இரண்டு குழாய்கள் நிற்கும். இரண்டையும் ஒரு சிறிய பாலம் இணைக்கும். பார்த்தவுடன் அந்தப் பாலத்தில் பிடித்துத் தூக்கத்தான் கை போகும், அப்படித் தூக்கினால் வேலை போகும். மண் நிறம், வெள்ளை, கருப்பு, மஞ்சள், சாம்பல், ஊதா என்று அத்தனை நிறமும் சுடுவதற்கு முன்பே பூசியவை. நாஸ்கா என்ற வறண்ட கடற்கரைப் பக்கத்தில் ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் செய்தவை என்று சிஞ்ஞோரா சொன்னார். நேற்றுப் பூசியது போல மினுங்கின.

நான்காம் நாள் பதினேழாம் இலக்கப் பெட்டியைத் திறந்தேன். உள்ளிருந்து ஒருவர் என்னைப் பார்த்தார்.

மனித முகம். மூக்குக்குக் கீழே பூனை மீசை போல இரண்டு பக்கமும் விரியும் ஒரு தகடு. நெற்றியில் இன்னொரு தகடு, அதற்குள்ளும் ஒரு சிறிய முகம். ஒரு கையில் தண்டு. மறு கையில் மயிரைப் பற்றித் தூக்கிய ஒரு தலை. முதுகிலிருந்து பூரான் போல முள்ளு முள்ளாக ஓர் உடல் நீண்டு பானையைச் சுற்றிப் போயிற்று. வெட்டிய தலைகளை நான் படத்தில் மட்டும் பார்த்தவனல்ல. அதனால் தலை என்னை ஒன்றும் செய்யவில்லை. கண்தான் செய்தது. வெள்ளையில் பெரிய கருமணி வைத்து, பார்ப்பவனை நேராகப் பார்க்கும் கண்.

எங்கள் பக்கத்தில் சாமி உருவத்துக்குக் கடைசியாகத்தான் கண் வைப்பார்கள். அதுவரை அது மண், மழையில் நனைந்தாலும் கேட்பாரில்லை. கண் வைத்த பிறகு கதை வேறு. அதிலும் உக்கிரமான உருவத்தை இடம் மாற்றினால் அதன் முன்னால் ஏதாவது வைத்தாக வேண்டும். தேங்காய் உடைக்க வசதியில்லாத இடத்தில் ஓர் எலுமிச்சையாவது, எங்கள் பேச்சில் தேசிக்காயாவது, வைப்போம். இவரோ கடல் கடந்து, மரப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் வந்து, இன்னொரு நாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறுகிறார். ஒருவரும் ஒன்றும் வைக்கவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

தேசிக்காய் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அதைத் தந்தவர் மின்வேலைக்காரர். கண்ணாடிப் பெட்டிகளுக்கு விளக்குப் பூட்ட வந்த பலெர்மோக்காரர் அவர். நாளும் மதியம் தன் தம்பியின் தோட்டத்துத் தேசிக்காய்களை இலையோடு கொண்டுவருவார். எங்கள் ஊர்த் தேசிக்காயைப் போல நாலு மடங்கு. அதை வட்டமாக வெட்டி, உப்புத் தூவி, தோலோடு தின்பார். கும்பா, கூட்டாளி, என்று கூப்பிட்டு எனக்கும் ஒன்று தருவார். அவருடைய சிசிலியன் பேச்சு என் காதுக்கு ஊர்ப் பேச்சுப் போலத்தான் கேட்கும், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

"தின் கும்பா, தின். இதைத் தின்னாதவனுக்கு ரத்தம் தண்ணியாப் போகும்."

"பிறகு தின்னுறன்."

"நேற்றும் இதைத்தான் சொன்னனீ."

அன்று பதினேழாம் பானையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நேரம், பூட்டுவதற்கு முன் சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி வந்தது. அவர் சன்னல் பக்கம் திரும்பினார். நான் தேசிக்காயைப் பானையின் பின்புறம் வைத்து, பெயர்ப்பலகை தாங்கியால் மறைத்தேன். சிஞ்ஞோரா வந்து பூட்டி, சாவியைத் தன் கழுத்துக் கயிற்றில் மாட்டினார். எனக்கு மனம் ஆறியது. மறுநாள் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

தேசிக்காய் வைத்த மூன்றாம் நாள் பிரச்சினை தொடங்கிற்று. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. காற்றில் எவ்வளவு ஈரம் என்று அது இலக்கத்தில் காட்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே இலக்கம். பதினேழில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. சிஞ்ஞோரா கருவியை மாற்றிப் பார்த்தார். அடுத்த நாளும் ஏறியது. விளக்குச் சூடு என்று மின்வேலைக்காரரோடு சண்டை பிடித்தார்.

"சிஞ்ஞோரா, என்ரை விளக்குச் சூட்டிலை காயும். ஈரமாகாது," என்றார் அவர்.

"அப்படியென்றால் எங்கிருந்து வருகிறது?"

"அந்தப் பேய் மூச்சு விடுது போலை."

சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்டேன். மண்ணுக்குள் பல நூறு வருடம் கிடந்த பானை உப்பைக் குடித்து வைத்திருக்கும் என்றார். ஈரம் ஏறி இறங்கினால் அந்த உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும், பூத்தால் நிறத்தைத் தள்ளிக்கொண்டு உதிரும். நாளைக்குக் காலை பெட்டியைத் திறந்து ஒவ்வொரு மூலையாகப் பார்க்கப் போகிறாராம்.

அப்போதுதான் எனக்குத் தேசிக்காய் நினைவுக்கு வந்தது. சாறு நிறைந்த தேசிக்காயை அடைத்த கண்ணாடிக்குள் வைத்தால் ஈரம் எங்கே போகும்? சாவியோ அவருடைய கழுத்தில்.

அன்று மாலை அறையில் அண்ணை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கீழே பல்லரோ சந்தையில் கடைக்காரர்கள் கடைசி விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

"ஒரு தேசிக்காய் வைச்சிட்டன் அண்ணை."

"எங்கை?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ளை. பானைக்குப் பின்னாலை."

"ஆருக்கு?"

"அதுதான் தெரியேல்லை."

அண்ணை அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "சைவக்காரர் நீங்கள் எங்கை போனாலும் ஒரு சாமியைக் கண்டுபிடிச்சிடுவியள், என்ன? மூண்டு கிழமை சும்மா இருக்கச் சொன்னனான். மூண்டு கிழமை!"

"நீங்கள் போன ஞாயிறு மலைக் கோயிலிலை இந்த ஊர்ப் புனிதைக்கு மெழுகுதிரி கொளுத்தினனீங்கள்தானே. உங்களுக்கு அவவை முந்தித் தெரியுமோ?"

"அவ திருச்சபைப் பட்டியலிலை இருக்கிறா. உம்மடை ஆள் எந்தப் பட்டியலிலை?"

"பதினேழாம் இலக்கம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, மீனைத் தட்டில் போட்டுத் தந்தார். "இஞ்சை கேளும். நாளைக்கு அது கிடைச்சால் நீர் வாய் திறவாதையும். ஒப்பந்தம் கையிலை வரட்டும். மற்றதைப் பிறகு பாப்பம்."

"உங்களுக்கெண்டால் கோயில் சாமியாரிட்டைப் போய்ப் பாவத்தைச் சொன்னால் முடிஞ்சுது. எனக்கு அந்த வசதி இல்லை."

"அப்ப என்னட்டைச் சொல்லிப்போட்டீர்தானே. முடிஞ்சுது. சாப்பிடும்."

காலையில் சிஞ்ஞோரா பெட்டியைத் திறந்தார். நானும் மின்வேலைக்காரரும் பக்கத்தில் நின்றோம். பானையை அவரே தூக்கிப் பஞ்சில் வைத்தார். பெயர்ப்பலகை தாங்கியை நகர்த்தினார். தேசிக்காய் இருந்தது. ஒரு பக்கம் பச்சைப் பூஞ்சணம் பிடித்து, இலை வாடி ஒட்டியிருந்தது. சிஞ்ஞோரா அதை இலையில் பிடித்துத் தூக்கி, மின்வேலைக்காரரைப் பார்த்தார். அந்த மாளிகையில் தேசிக்காய் தின்பவர் அவர் ஒருவர்தான்.

அவர் தேசிக்காயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யாருக்குத் தந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது.

"ஓம்," என்றார் அவர் சிஞ்ஞோராவிடம். "என்ரைதான்."

"உணவுப் பொருளா? இந்த அறையிலா?"

"மறந்துபோனன்."

அவருக்கு அது பெரிய ஆபத்தில்லை. வேறு பத்து இடத்தில் விளக்குப் பூட்ட அவரைத் தேடுவார்கள். எனக்காக ஒரு திட்டை வாங்கிக்கொண்டு போக அவர் தயார். அண்ணை சொன்னபடி நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நான் அப்படி எத்தனையோ இடத்தில் நின்றிருக்கிறேன். முகாமில் நின்றிருக்கிறேன், எல்லைகளில் நின்றிருக்கிறேன். பேசாமல் நின்றதால்தான் இங்கே வந்து சேர்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த மனிதர் அப்பட்டமாகப் பொய் சொன்ன விதம், ஒரு துண்டு பாண் நீட்டுவது போல, என்னால் தாங்க முடியவில்லை.

"நான் வைச்சது சிஞ்ஞோரா," என்றேன்.

மின்வேலைக்காரர் கையை மேலே வீசினார். "இவனைப் பாரன்! இவ்வளவு நேரம் நான் எதுக்கு மினக்கெட்டனான்?" பிறகு அவருக்கு வேறொன்று உறைத்தது. "உனக்குத் தின்னத் தந்ததெல்லோ? என்ரை தம்பீன்ரை தோட்டத்துத் தேசிக்காயை ஒரு சட்டிக்குக் குடுத்தனியோ?"

சிஞ்ஞோரா அவரை வெளியே போகச் சொன்னார். என்னிடம், ஏன் என்று மட்டும் கேட்டார். என் இத்தாலியனில் சொல்லக்கூடியதைச் சொன்னேன். கண் வைத்த உருவம், இடம் மாற்றம், வெறுங்கை. முடிந்ததும் என்னைப் பக்கத்துப் பெட்டிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பானையில் வரிசையாக அவரைக்காய்கள் தீட்டியிருந்தன. ஒவ்வொரு காய்க்கும் கண், வாய், கை, கால். ஓடிக்கொண்டிருந்தன. அடுத்ததில் ஒரு கொலைத் திமிங்கிலம். வயிற்றிலிருந்து மனிதக் கை முளைத்து, கையில் கத்தி.

"இவற்றுக்கும் கண் இருக்கிறது," என்றார். "இந்த அவரைக்காய்களுக்கும் நீங்கள் எலுமிச்சை வைப்பீர்களா?"

"இல்லை சிஞ்ஞோரா."

"ஏன்?"

யோசித்தேன். "அவை ஓடுதுகள். தங்கடை அலுவலைப் பாக்குதுகள். அவர்தான் எங்களைப் பாக்கிறார்."

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பதினேழாம் பானையை ஒரு நிமிடம் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இறங்கவில்லை. ஈரம் உறிஞ்சும் பைகளைப் பெட்டிக்குள் போடுவார், கதவை விரல் அளவு திறந்து வைப்பார். ஒரு வாரம் பார்ப்பார். வெள்ளையாக ஏதாவது பூத்தால் நான் போகலாம். பூக்காவிட்டால் ஒப்பந்தம். பானையைக் கவனிப்பது என் வேலை. தொடக்கூடாது, பார்க்க வேண்டும், மணிக்கு ஒரு தரம்.

அப்படித்தான் நான் என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். மணிக்கு ஒரு தரம் என்றார், நான் நாலு தரம் பார்த்தேன். முதல் நாள் வெள்ளை மட்டுமே தேடினேன். இரண்டாம் நாளிலிருந்து மற்றதெல்லாம் தெரியத் தொடங்கிற்று. கழுத்தில் சிப்பி மாலை. காதில் வட்டத் தோடு. முள்ளுடலின் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு சிறிய தலை. அவற்றின் உதடுகளில் இரண்டு முள் குத்தியிருந்தது, வாய் திறக்காமல் இருக்க. அதைப் பார்த்து, எனக்கு அண்ணையின் புத்திமதி நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு தலைகளின் வாயிலிருந்து ஒரு செடி முளைத்து இலை விட்டிருந்தது. அது என்ன என்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன். வறண்ட நாடு, தலைகளை நிலத்தில் புதைத்தால் விளையும் என்று நம்பியிருக்கலாம், நிச்சயமாகத் தெரியாது, அவர்கள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை என்றார். கோபத்துக்கு வெட்டிய தலை என்று நான் எடுத்துக்கொண்டது விளைச்சலுக்காக இருந்திருக்கலாம். அப்படியானால் தேசிக்காய்க்கு அங்கே வேலையே இல்லை.

நான்காம் நாள் தீட்டியவரின் பிழையைக் கண்டுபிடித்தேன். முகத்திலிருந்து தொடங்கி, பானையைச் சுற்றித் தாராளமாக வரைந்து வந்திருக்கிறார். பக்கவாட்டில், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரும்போது இடம் போதவில்லை. கடைசித் தலை ஒடுங்கி, காது இல்லாமல், மற்றத் தலைகளுக்கிடையில் நெரிபட்டு நின்றது. படிவத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி, கடைசி எழுத்துக்களைக் கட்டத்துக்குள் திணிக்கும் ஆளை எனக்குத் தெரியும். அது நான்தான். அதற்குப் பிறகு அந்தப் பானையைப் பார்க்கும்போது தீட்டியவரின் கை தெரிந்தது. பயம் போய்விட்டது.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு வெள்ளை தெரிந்தது.

மீசைத் தகட்டின் ஓரத்தில் சீனிமணி அளவில் மூன்று புள்ளி. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், இருந்தன. சொல்லாமல் விட்டால் மாலைக்குள் அவரே பார்ப்பார். போய்ச் சொன்னேன். சிஞ்ஞோரா வந்தார், உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார், மெல்லிய தூரிகையால் ஒரு புள்ளியைத் தொட்டு எடுத்து விரலில் தேய்த்தார். பிறகு தலையை உயர்த்தி மேலே சுவரைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்கு நேர் மேலே, கையளவு தூரத்தில், ஒரு புதிய துளை.

மின்வேலைக்காரரைக் கூப்பிட்டார். அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"இதை எப்போது துளைத்தீர்கள்?"

"இண்டைக்குக் காலமை. அந்த மூலை விளக்குக்கு."

"பெட்டிக் கதவு திறந்திருப்பது தெரியாதா?"

அவர் துளையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தூரிகையில் இருந்த சுவர்ச் சுண்ணாம்பைப் பார்த்தார். "சரி," என்றார் என்னிடம். "என்ரை தேசிக்காயை நீ வீணாக்கினாய். உன்ரை உயிரை நான் அரைவாசி எடுத்தன். சரிக்குச் சரி."

"எனக்கு முழுசாப் போயிட்டுது," என்றேன்.

சிஞ்ஞோரா எங்கள் இருவரையும் ஒரே வாக்கியத்தில் திட்டினார். வேகமாகப் பேசியதால் எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கியவரைக்கும் அதில் நாஸ்காக்காரர்களைப் பற்றிய ஒரு பாராட்டும் இருந்தது. நிலநடுக்கத்தையும் கல்லறைக் கள்வரையும் கடலையும் தாண்டி வந்த பானை எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் தப்பவேண்டியிருக்கிறது என்பது போல ஏதோ. மிச்சப் புள்ளிகளையும் தூரிகையால் தட்டினார். கீழே நிறம் அப்படியே இருந்தது.

ஏழாம் நாள் கருவியில் மற்றப் பெட்டிகளின் இலக்கம் வந்து நின்றது. சிஞ்ஞோரா தன் மேசையில் மூன்று பக்கக் கடதாசி வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடச் சொன்னார். நான் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். எனக்கு நேரம் எடுத்தது. கிழமையில் எந்த நாள் மூடுவீர்கள் என்று கேட்டேன். திங்கள் என்றார். என் குவெஸ்தூராத் தவணை திங்கட்கிழமைதான்.

"வசதியாகப் போய்விட்டது," என்றார். அன்றைக்கு அவர் சிரித்த ஒரே தரம் அது.

அண்ணை கடதாசியை விளக்குக்குக் கீழே பிடித்து, முதல் வரியிலிருந்து முத்திரைவரை வாசித்தார். தொழில் என்ற இடத்தில் மண்டபக் காவலாளி என்று போட்டிருந்தது.

"அப்ப தம்பி, இனி நீர் சாமிக்குக் காவல்."

"சாமியோ எண்டு தெரியாதாம் அண்ணை. படிச்சவைக்கும் தெரியாதாம்."

"பின்னை ஆரெண்டு சனம் கேட்டால் என்ன சொல்லப்போறீர்?"

"தெரியாது எண்டு சொல்லுவன். அதுக்குத்தானே கையெழுத்து வைச்சிருக்கிறன்."

"நல்ல வேலை," என்றார் அண்ணை. "நான் முப்பது வருசமாத் தெரியாது எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன், ஒருத்தனும் ஒப்பந்தம் தரேல்லை." கடதாசியை மடிக்காமல் என்னிடம் நீட்டினார். "எத்தினை மணிக்குப் போகவேணும்?"

"ஒன்பதுக்கு."

"எட்டரைக்குப் போம்."

திங்களன்று குவெஸ்தூராவில் கைரேகைக்காகப் பெருவிரலையும் மற்ற விரல்களையும் கண்ணாடியில் வைத்து அழுத்திவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை கண்காட்சி திறந்தது. முதலாவதாக வந்த பெண்மணி பதினேழாம் இலக்கத்தின் முன்னால் நின்று, இது யார் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். பிறகு, கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள் என்று அவரைப் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போய், இடம் போதாமல் நெரிபட்டு நின்ற அந்தக் கடைசித் தலையைக் காட்டினேன்.